புளி போட்டுத் துலக்கிய தோட்டாக் கூடுகள்

நித்யா கண்ணு,

நலம் விசாரிப்பதெல்லாம் போனில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இந்த உறைக்குள் நான்காக மடித்து வைத்திருக்கிற காகிதத்தைப் பிரித்துப் பார். நடுவில் கறுப்பு வட்டம் இருக்கிறதா? அதற்குச் சற்று வலப்பக்கம் கோணல்மாணலாக ஓர் ஓட்டை தெரிகிறதே, அது ஓர் ஓட்டை இல்லையடி, ஐந்து! ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு ஐந்து. நூறு மீட்டர் தூரத்திலிருந்து ரைபிளால் சுட்டது. இருபத்தைந்து சென்ட் காசு ஒன்றை மேலே வைத்தால் ஐந்தும் மறைந்துவிடும். நான் வைத்துப் பார்த்தேன், உன் அப்பா வைத்துப் பார்த்தார், நம்பாமல் தன் சட்டைப்பையிலிருந்து வேறு காசு எடுத்தும் வைத்துப் பார்த்தார். சுட்டது யார் தெரியுமா? குக்கர் விசில் அடித்தால் திடுக்கிடுகிறவள் என்று நீ கேலி செய்வாயே, அந்த உன் அம்மாதான். ஐம்பத்தாறு வயது, இரண்டு முழங்காலிலும் வலி, பைஃபோகல் கண்ணாடி.

அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று உடனே அப்பாவுக்குப் போன் போடாதே. எல்லாம் சொல்கிறேன். சொல்லவேண்டியதில் பாதி, துள்ளிக் குதிக்கிற சந்தோஷம். மீதிப் பாதியைச் சொல்ல ஏழு வருஷம் எனக்கு வாய் வரவில்லை. இன்னும் ஐந்து வாரத்தில் உனக்குக் கல்யாணம். நீ கால்கரியிலிருந்து வந்து இறங்கினால் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், உன்னோடு தனியாகப் பத்து நிமிஷம் கிடைக்காது. அதனால்தான் கடிதம்.

போன புதன்கிழமை மாப்பிள்ளை கார்த்திக் போன் செய்திருந்தார். நல்ல பிள்ளை, பந்தியில் எத்தனை பேர் என்று கணக்குக் கேட்டுவிட்டுச் சும்மா பேச்சுவாக்கில், "ஆன்ட்டி, நித்யா முன்னாடி ரைபிள் ஷூட்டிங் பண்ணுவாளாமே? தோட்டாவெல்லாம் அவளே செய்வாளாமே? ஏன் விட்டுட்டா?" என்று கேட்டார். அதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து உன் குரல் கேட்டது. "நான் கேர்லெஸ்ஸா இருந்துட்டேன், அதான். என் கைக்கு அந்த மாதிரி வேலை ஆகாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் காரில் வைத்துச் சொன்ன வார்த்தையை நீ இன்றைக்கு உன் சொந்த அபிப்பிராயம் போலச் சொல்கிறாய். கெமிஸ்ட்ரி படிப்பை மூன்றாம் வருஷத்தில் விட்டுவிட்டு விளம்பரக் கம்பெனிக்குப் போனதற்கும் இதே காரணத்தைத்தானே சொன்னாய்? சோதனைக்கூடத்தில் நான் நின்றால் ஏதாவது வெடிக்கும் அம்மா என்றாய். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இப்போது சொல்கிறேன், நன்றாகக் கேள். அன்று அந்தத் தோட்டா வெடித்தது உன் கவனக்குறைவால் இல்லை. என்னால்.

முதலிலிருந்து வருகிறேன். கார்த்திக்கும் இதைப் படிக்கட்டும், அவருக்கும் புரிய வேண்டும். பள்ளித் தோழியின் அப்பா அழைத்துப்போய் ரைபிள் கிளப்பில் நீ சேர்ந்தபோது உனக்குப் பதினேழு வயது. நம் ஊர் பியர்பொன்ட்ஸில் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் பரதநாட்டியத்துக்கும் பியானோவுக்கும் போய்க்கொண்டிருந்த காலம். நீ மட்டும் காதை அடைக்கும் உறையை மாட்டிக்கொண்டு ரைபிள் சுடப் போனாய். அப்பா ஹைட்ராலிக்ஸ் புரொபசர், எதிலும் ஒரு கணக்கு இருந்தால் அவருக்குப் போதும், கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்குத்தான் பிடிக்கவில்லை. கோயிலில் யாராவது "உங்க பொண்ணு என்ன கத்துக்கிறா?" என்று கேட்டால் நீச்சல் என்று சொல்லிவிடுவேன்.

அப்புறம் நம் வீட்டு பேஸ்மென்டில் ஒரு மேசை வந்தது, மேசைமேல் ஒரு கை அச்சு, ஒரு குட்டித் தராசு. கடையில் வாங்கும் தோட்டா எல்லாம் ஒரே மாதிரி சுடாதாம், சொந்தமாகச் செய்தால்தான் குண்டு ஒரே இடத்தில் போய் விழுமாம். பென்சில் நுழையாத சின்னக் குழல் ரைபிளுக்கே இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நான் சிரித்தேன். நீ பொறுமையாக விளக்கினாய். தோட்டாவில் நாலு சாமான். முன்னால் குண்டு, உள்ளே மருந்து, அடியில் பொறி தட்டும் பிரைமர், இந்த மூன்றையும் பிடித்து வைத்திருக்கும் பித்தளைக் கூடு. குண்டும் மருந்தும் பிரைமரும் ஒரு தரத்தோடு போயிற்று, கூடு மட்டும் திரும்பத் திரும்ப வரும். அதனால் கூடுதான் முக்கியம் அம்மா, என்பாய். ஒரே அச்சில் வந்த கூடுகளாகப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் நிறுத்து, எடை ஒத்தவற்றை ஒரு தட்டிலும் ஒவ்வாதவற்றை வேறு தட்டிலும் வைப்பாய். வாய்ப்பக்கத்துச் சுவர் எல்லாப் புறமும் ஒரே கனமா என்று அளப்பாய். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு பார்க்க மாட்டார்கள்.

மூன்று வருஷம் கழித்து ஒரு கோடையில் கிளப்பின் பெரிய போட்டி வந்தது. உனக்கு இருபது வயது. நூறு கூடுகள் பொறுக்கித் தேர்ந்து ஒரு தட்டில் வைத்திருந்தாய். நீ கோடை வேலைக்குப் போயிருந்த ஒரு காலை, துணி துவைக்க பேஸ்மென்டுக்கு இறங்கியவள் அந்தத் தட்டைப் பார்த்தேன். முன்பு சுட்ட கூடுகள், கரி அப்பிக்கொண்டு, காபிக்கறை படிந்த டபரா போலக் கிடந்தன. எனக்கு மானம் போயிற்று. அத்தனை வெள்ளைக்காரர்கள் நடுவில் என் பெண் இப்படி அழுக்குப் பித்தளையோடு போய் நிற்பதா? எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் குத்துவிளக்கு துலக்குகிற கை இது. ஒரு உருண்டை புளியைக் கரைத்தேன், ஒரு பிடி உப்புப் போட்டேன், பழைய எவர்சில்வர் அண்டாவில் நூறையும் கொட்டி ஊறவைத்தேன். உன் விளையாட்டுக்கு அதுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லையே, இதாவது செய்வோம் என்ற ஆசைதான். சத்தியமாக ஆசைதான்.

பத்து நிமிஷத்தில் எடுத்திருந்தால் தேவலாம். அன்று மத்தியானம் நியூ ஜெர்சியிலிருந்து உன் அத்தை குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியது ஞாபகமிருக்கிறதா? வடையும் பாயசமுமாக இரண்டு நாள் ஓடிவிட்டது. மூன்றாம் நாள் காலை அண்டா நினைவுக்கு வந்து ஓடினால், கூடுகள் மஞ்சளாக இல்லை. திட்டுத்திட்டாக இளஞ்சிவப்பு, செம்புத் தவலை நிறம். விளக்கு துலக்கி இப்படி நான் பார்த்ததே இல்லை. நீ வருவதற்குள் மறைத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் புத்தியில் நின்றது. கடையில் வாங்கிய பாலீஷ் போத்தல் ஒன்று இருந்தது, மூடியைத் திறந்தால் கண்ணில் நீர் வரும், அப்படி ஒரு காரநெடி. அதைப் போட்டு நூறையும் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். என்ன பளபளப்பு! நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். நீ சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "அம்மா! என்ன போட்டுத் துடைச்சே?" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். "ஒண்ணும் போடலடி, துணிதான்" என்றேன்.

போட்டிக்கு நான் முதல் தடவையாக வந்தேன், தூக்கு நிறைய புளியோதரையோடு. நீ ஆறு குண்டு சுட்டாய், பக்கத்திலிருந்தவர்கள் தொலைநோக்கியில் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏழாவது சத்தம் வேறு மாதிரி கேட்டது. எனக்கே தெரிந்தது, அது வேறு சத்தம். நீ முகத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாய். பாதுகாப்புக் கண்ணாடியின் ஒரு பக்கம் விரிசல், புருவத்துக்கு மேல் ரத்தக்கோடு. அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் என்னால் முழுதாக நினைத்து முடிக்க முடியாது. கிளப்பின் பொறுப்பாளர் கிளோட் ஓடிவந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டூல் மேக்கர், வெள்ளை மீசை, அதிகம் பேசாதவர். ரைபிளைத் திறந்து நீளவாக்கில் பிளந்திருந்த கூட்டை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு மருந்து போட்டாய் என்று கேட்டார். நீ சொன்னாய். இரண்டு தரம் போட்டிருப்பாய், கவனம் எங்கோ இருந்திருக்கும் என்றார். "நான் ஒவ்வொண்ணையும் மூணு தடவை எடை போட்டேன்" என்று நீ ஆங்கிலத்தில் சொன்னாய், அப்புறம் என் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னாய். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நான் தூக்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது காரில் நான் சொன்னது உனக்கும் மறந்திருக்காது. "கவனமில்லாத பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு? கண்ணு போயிருந்தா என்ன ஆறது?" பயத்தில் வந்த வார்த்தை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம்தான். ஆனால் அதன் அடியில் இன்னொன்றும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்தச் சிவப்புத் திட்டுகள் என் கண்ணுக்குள்ளேயே இருந்தன. இதனாலாக இருக்குமோ என்று ஒரு மூலையில் தோன்றியது. கேட்டுவிடலாம் என்றும் தோன்றியது. கேட்டால் நீ மறுபடி சுடப் போவாய், கேட்காவிட்டால் விட்டுவிடுவாய். நான் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் நீ ரைபிளை கிளப்பிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாய். எனக்கு நிம்மதியாக இருந்தது, அதுதான் உண்மை. அந்த நிம்மதிக்கு நீ என்ன விலை கொடுத்தாய் என்று போன புதன்கிழமை வரை நான் முழுதாக உணரவில்லை.

இனிமேல்தான் நல்ல பகுதி. போன ஜனவரியில் பனிமழை பெய்து ஊரே இருண்டதே, நீகூட தினம் போன் செய்து பயந்தாயே, அப்போது மெழுகுவர்த்தி தேடி பேஸ்மென்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உன் மேசைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே, அந்த நூறில் நீ தோட்டாவாக்காமல் மீதி வைத்த ஐம்பது கூடுகளும் உன் நோட்டுப் புத்தகமும். ஒரு கூட்டைக் கையில் எடுத்தேன். வாய்ப்பக்கத்தில் முடி போல ஒரு கீறல். இன்னொன்றை எடுத்தேன், அதிலும். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஐம்பதையும் பார்த்தேன், முப்பத்தெட்டில் கீறல்! நித்யா, நான் துலக்கிய பிறகு இவற்றுக்குள் யாரும் மருந்தே போடவில்லை. யாரும் சுடவில்லை. டப்பாவுக்குள் சும்மா உட்கார்ந்திருந்த கூடு தானாகக் கீறல் விட்டிருக்கிறது. அப்படியென்றால் உன் கை எப்படிக் காரணமாகும்? வீட்டில் கரண்ட் இல்லை, ஹீட்டர் இல்லை, எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. "என்னங்க!" என்று நான் கத்திய கத்தலில் உன் அப்பா குழாய்தான் உடைந்துவிட்டது என்று வாளியோடு ஓடிவந்தார்.

கோயில் பிரசாதம் கட்டும்போது பழக்கமான சிவத்தை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். லாசாலில் பித்தளைக் குழாய் செய்யும் பட்டறையில் ஃபோர்மன். பித்தளையைப் பற்றிக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு? இரண்டு கூட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். மேசைமேல் அவிழ்த்தேன். நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அக்கா, உது வெடிக் கோதெல்லே? எங்காலை வந்தது உங்களுக்கு?" என்றார், கூட்டைத்தான் கோது என்கிறார். நான் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரு கூட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "ஊரிலை சண்டைக் காலத்திலை விடிஞ்சா எங்கட வீட்டு வளவுக்குள்ளை உதுதான் கிடக்கும். கூட்டி அள்ளுறது என்ர வேலை. இண்டைக்குத்தான் ஒண்டை வெட்டிப் பாக்கப் போறன்" என்றார். எனக்கு ஏன்தான் இவரிடம் கொண்டுவந்தோம் என்று ஆகிவிட்டது, மன்னிப்புக் கேட்டேன். "சீச்சீ, பிள்ளையின்ர பேர் போயிருக்கெல்லே, அதைப் பாப்பம்" என்று ரம்பத்தை எடுத்தார்.

நீளவாக்கில் அறுத்து, மெருகேற்றி, லென்ஸுக்குக் கீழே வைத்தார். "வந்து பாருங்கோ அக்கா. பித்தளை எண்டா செம்பும் துத்தநாகமும். இந்த இடத்திலை துத்தநாகம் முழுக்கக் கரைஞ்சு போட்டுது, வெறும் செம்புதான் கடற்பஞ்சு மாதிரி நிக்குது. என்ன போட்டுக் கழுவினனீங்கள்?" புளியும் உப்பும் என்றேன். எத்தனை நிமிஷம் என்றார். இரண்டு நாள் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "குத்துவிளக்கு உள்ளங்கைத் தடிப்பு, தாங்கும். இது முட்டைக் கோது மாதிரி. பேந்து வேறை ஏதும் போட்டனீங்களோ?" பாலீஷ் என்றேன், கார நெடி என்றேன். "அமோனியா! ஐயோ அக்கா, பித்தளைக்கு அதுதான் எமன். அச்சிலை இழுத்து நெளிச்ச பித்தளைக்குள்ளை ஒரு இறுக்கம் இருக்கும், அமோனியா பட்டா அந்த இறுக்கத்திலையே வெடிச்சுப் போடும். உடனை தெரியாது. எங்கட பட்டறைக்குள்ளை அந்தப் போத்திலைக் கொண்டுவரவே விடமாட்டம்." மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று மூன்றாம் வகுப்பில் படித்தேன். மின்னுவதெல்லாம் பித்தளைகூட இல்லை என்று லாசாலில் நின்றுகொண்டு கற்றேன்.

ஏப்ரலில் பனி உருகியதும் கிளோட்டிடம் போனேன். உன் அப்பாதான் காரோட்டினார், வழியெல்லாம் நான் சொல்லவேண்டியதை ஆங்கிலத்தில் ஒப்பித்துக்கொண்டு வந்தேன். அங்கே போய் என்ன பார்த்தேன் தெரியுமா? உனக்கும் தெரிந்திருக்காது. தோட்டா நிரப்பும் அறையின் சுவரில் ஒரு பலகை, அதில் உன் கூடு. பிளந்த அந்தக் கூட்டை ஏழு வருஷமாக ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார்கள். கீழே ஒரு சீட்டு, 'கவனக்குறைவு: இரட்டை மருந்து' என்று. பெயர் போடவில்லை, ஆனால் எல்லோருக்கும் யார் என்று தெரியும். மனப்பாடம் செய்த ஆங்கிலமெல்லாம் பறந்துவிட்டது. அறுத்த கூட்டை அவர் கையில் வைத்து, "மை டாட்டர் நோ மிஸ்டேக். மை மிஸ்டேக்" என்று அழ ஆரம்பித்துவிட்டேன். மீதியை உன் அப்பா சொன்னார்.

கிளோட் பலகையிலிருந்து கூட்டைக் கழற்றினார், ஜன்னலோரம் போய் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். பிளவின் ஓரத்தில் அதே சிவப்பு. அப்புறம் கூட்டைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். பிரைமரின் விளிம்பு உருண்டையாகவே இருக்கிறது, மருந்து கூடியிருந்தால் இது நசுங்கித் தட்டையாகியிருக்கும் என்று உன் அப்பாவிடம் காட்டினார். அன்று நான் பிளவை மட்டும்தான் பார்த்தேன், அடியைப் பார்க்கவில்லை, என்றார். பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார், தப்பு என்னுடையது என்று அர்த்தமாம். பழைய சீட்டைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதுச்சீட்டு எழுதினார். இப்போது அதில் இருப்பது இதுதான்: 'மருந்து சரி. பித்தளை கெட்டது. புளி, உப்பு, அமோனியா கூடாது.' புளிக்கு என்ன எழுத்து என்று என்னிடம்தான் கேட்டுக்கொண்டார். ஒரு பிரெஞ்சுக் கிளப் சுவரில் புளி ஏறிவிட்டதடி!

அங்கேயே நின்றிருக்கலாம். எனக்குப் போதவில்லை. உன் கையில் தவறு இல்லை என்பது தெரிந்துவிட்டது, உன் முறை எவ்வளவு நல்லது என்பதையும் பார்த்துவிட வேண்டும் என்று வெறி பிடித்துவிட்டது. என் பெண்ணின் நோட்டைப் பார்த்து நானே செய்து நானே சுடுகிறேன் என்றேன். கிளோட் மீசையைத் தடவிக்கொண்டு, அதற்கு முதலில் பாதுகாப்பு வகுப்பு, அப்புறம் போலீஸ் அனுமதி என்றார். வகுப்பு பிரெஞ்சில். போன்ஷூர், மெர்சி, மூலைக்கடைக்குச் சொல்கிற தெப்பனர் தவிர எனக்கு என்ன பிரெஞ்சு தெரியும்? படம் பார்த்தே பாஸ் செய்தேன்! அனுமதி விண்ணப்பத்தைப் பார்த்து உன் அப்பா, "உனக்கு எதுக்குடி ரைபிள்? இத்தனை வருஷமா பூரிக்கட்டையே போதுமானதா இருந்ததே" என்றார். போட்டார் கையெழுத்தை.

உன் நோட்டுப் புத்தகம்தான் எனக்கு எல்லாம். தமிழும் ஆங்கிலமும் கலந்து நீ எழுதி வைத்திருப்பதை ஒரு வரி விடாமல் செய்தேன். புதுக் கூடுகள், ஒரே பெட்டி, ஒரே அச்சு. நூறை நிறுத்து அறுபத்திரண்டை எடுத்தேன். லென்ஸ் வைத்து ஒவ்வொன்றின் வாயையும் பார்த்தேன். 'சந்தேகம் வந்தா தூக்கிப் போடு, யோசிக்காதே' என்று ஒரு பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய், அதைப் படித்துவிட்டு அழகான கூடு ஒன்றைக் குப்பையில் போட்டபோது மனசு அடித்துக்கொண்டது. கிளோட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு இடத்திலும் திருத்தவில்லை. ஆங்கிலத்தில் இருந்த ஒரு பக்கத்தைத் தன் நோட்டில் காப்பிகூட எழுதிக்கொண்டார். முதல் இரண்டு மாதம் என் குண்டுகள் காகிதம் முழுக்க அம்மை போட்டதுபோல் சிதறின, அது என் தோள் செய்த வேலை, உன் முறை செய்தது இல்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் தோள் அடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. தொலைநோக்கியில் பார்த்த கிளோட் கண்ணை எடுக்கவே இல்லை. நான் ஒரே ஒரு குண்டுதான் பட்டது, மீதி நாலும் காற்றோடு போய்விட்டது என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் நடந்துபோய்க் காகிதத்தை எடுத்துவந்து காட்டிய பிறகு நான் போட்ட கூச்சலில் அடுத்த வரிசையில் இருந்தவர் சுடுவதை நிறுத்திவிட்டார். உன் அப்பா யுனிவர்சிட்டியில் இருபது ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார், பார்க்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார். உனக்கு அனுப்பியிருப்பது அசல்.

கல்யாணம் ஆகப் போகிற பெண்ணுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு என்ன அருகதை இருக்கிறது? இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். கார்த்திக்கின் பொருளை அவரைக் கேட்காமல் துலக்காதே, அவரும் உன்னுடையதைத் துலக்க வேண்டாம். அன்பால் செய்ததாக இருந்தாலும் என்ன போட்டுச் செய்தோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சிவப்பாகிவிட்டது என்று அன்று சாயங்காலமே நான் சொல்லியிருந்தால் நீ கொஞ்சம் திட்டியிருப்பாய், நூறையும் குப்பையில் போட்டிருப்பாய், வேறு நூறு பொறுக்கியிருப்பாய். அவ்வளவுதானே நடந்திருக்கும்? மறைப்பதற்காகத் தேய்த்தேன் பார், அதுதான் கெடுத்தது. ஜனவரியிலேயே எனக்கு உண்மை தெரிந்துவிட்டது, ஆனாலும் இதை முடித்துவிட்டுச் சொல்லலாம், அதை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று ஆகஸ்ட் வரை இழுத்தேன். அதற்கும் என்னைத் திட்டு. போனில் திட்டு, நேரில் வந்து திட்டு, நான் வாய் திறக்க மாட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறு கிளப்பில் இரண்டு இடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஒன்று எனக்கு, பக்கத்தில் ஒன்று உனக்கு. உன் பெயரை கிளோட்டே எழுதினார். மருதாணி வைத்த கையோடு வந்தாலும் பரவாயில்லை என்றேன், மருதாணி என்றால் என்ன என்று அவருக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நீ வராவிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். கெமிஸ்ட்ரிக்குத் திரும்பிப் போ என்றும் சொல்ல மாட்டேன், அது உன் விருப்பம். ஆனால் இனிமேல் எந்த வேலையை வேண்டாம் என்றாலும், பிடிக்கவில்லை என்று சொல்லி வேண்டாம் என்று சொல். என் கைக்கு ஆகாது என்று மட்டும் சொல்லாதே.

இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. இதைப் புளி விஷயத்தைவிடக் கஷ்டப்பட்டு எழுதுகிறேன். போட்டிக்கு முந்தைய மத்தியானம் நீ பேஸ்மென்டில் மருந்து நிறுத்துக்கொண்டிருந்தாய். உனக்குக் காபி எடுத்துக்கொண்டு நான் இறங்கி வந்தேன். தராசுத் தட்டில் ஒரு தரம் வைத்தாய், எடுத்தாய், மறுபடி வைத்தாய், எடுத்தாய், மூன்றாம் தரம் வைத்துவிட்டுத்தான் கூட்டுக்குள் கொட்டினாய். அடுத்த கூடு, அதற்கும் மூன்று. ரேடியோகூடப் போடவில்லை. கூப்பிட்டால் கவனம் கலையும் என்று காபி ஆறும்வரை படியிலேயே நின்றிருந்தேன், நீ என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் அத்தனை பேர் நடுவில் நீ என் பக்கம் திரும்பிச் சொன்னாயே, அது நிஜம் என்று அங்கே தெரிந்தவள் நான் ஒருத்திதான். கார்த்திக் திரும்ப எப்போதாவது ஏன் விட்டாய் என்று கேட்டால், கேர்லெஸ் என்ற வார்த்தை உன் வாயில் வரக்கூடாது. இப்படிச் சொல்: "நான் ஒவ்வொண்ணையும் மூணு தடவை எடை போட்டேன். எங்கம்மா படியில நின்னு பாத்துட்டிருந்தா."

உன் அம்மா